புள்ளிராஜாவின் மனைவி

2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் சுவர்களிலும், பேருந்துகளின் முதுகிலும், நாளிதழ்களிலும், தொலைக்காட்சியிலும் ஒரு வினா தோன்றியது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்பதே அவ்வினா. புள்ளிராஜா யார், அவர் எவ்வூரார் என்பதை முதலில் எவரும் சொல்லவில்லை. வினா மட்டும் ஊர் ஊராக நின்றது. திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும் அதனைப் படித்தவாறே நடந்தனர். நாம் அப்போது குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன உதவிப் பங்குத்தந்தை. மறைக்கல்வி வகுப்பில் சிறுவன் ஒருவன் எழுந்து, "சாமி, புள்ளிராஜாவுக்கு வருமா, வராதா?" என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, அவனை உட்காரச் சொன்னோம்.

இலக்கிய மாத இதழில் ஒரு விளம்பரத்தைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது முறையா என வாசகர் கேட்கலாம். அவ்வாண்டில் தமிழில் வெளிவந்த எந்தக் கதையையும் கவிதையையும்விட இவ்வொரு வரியைப் படித்த தமிழரே மிகுதி. ஒரு சமுதாயம் தன் அச்சத்தை எச்சொற்களால் பேசுகிறது என்பதைக் காண இதனினும் தக்க பனுவல் நமக்குக் கிட்டவில்லை.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய பத்தாண்டுச் சுவரெழுத்துகள் மண்டையோட்டையும் 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் தொடரையுமே அறிந்திருந்தன. அவற்றைப் படித்தவன் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போவானே தவிர, வேறொன்றும் செய்யான். புள்ளிராஜா அவ்வச்சத்தைச் சற்றே தளர்த்தினார். தேநீர்க் கடையில் அதுவரை எவரும் உரக்கச் சொல்லாத சொல், பேச்சாகவும் சிரிப்பாகவும் வெளியே வந்தது. மணவுறவுக்கு வெளியே செல்லும் ஆண் தன்னைக் காத்துக்கொள்ளாவிடில் தொற்றுக்கு ஆளாவான் என்னும் செய்தியும் பின்னர் வந்து சேர்ந்தது. வினாவாக அமைத்தது நல்ல உத்தி. வினா, கேட்பவனை விடைதேட வைக்கும்.

குறை வேறிடத்தில் உள்ளது. புள்ளிராஜா விரைவிலேயே ஒரு வசைப்பெயராயினார். கல்லூரி மாணவர் ஒருவரையொருவர் அப்பெயரால் கேலி செய்தனர். நோய் எப்போதும் 'அவனுக்கு' வருவது, 'எனக்கு' வருவதன்று என்னும் எண்ணம் சிரிப்போடு சிரிப்பாக உறுதிப்பட்டது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. புள்ளிராஜா திருமணமானவரா? அவர் வீட்டில் ஒரு பெண் இருந்தாளா? அவளுக்கு வருமா என்று எந்தச் சுவரும் கேட்கவில்லை.

நாமும் கேட்கவில்லை. அதனை ஒப்புக்கொள்ளாமல் அடுத்தவர் சுவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள், பெரும்பாலும் திருவருகைக்காலத் தொடக்கத்தை ஒட்டியே வரும். நம் ஊரில் அது கார்த்திகைத் தீபக் கூட்டத்தின் காலமுமாகும். அந்நாளையொட்டிய ஞாயிறுகளில் நாம் ஆற்றிய மறையுரைகளின் கையெழுத்துக் குறிப்புகள் இன்னும் நம்மிடம் உள்ளன. அண்மையில் எடுத்துப் படித்தோம். பத்துக் கட்டளைகளில் ஆறாவதை விளக்கி, அதை மீறியோர்க்கு நேரும் கேட்டை எடுத்துரைத்து, கற்பு நெறியே காப்பு என முடித்திருந்தோம். ஒவ்வொன்றும் இறையியற் பிழையற்ற உரைதான். ஆனால் அவற்றை யாரிடம் சொன்னோம்? எந்தப் பங்கிலும் உள்ளே அமர்ந்திருப்போரில் முக்காற்பங்கினர் பெண்கள். மறையுரை தொடங்கியதும் ஆடவரில் பலர் வாசலுக்கு வெளியே மரத்தடிக்குச் சென்றுவிடுவர். அரசின் விளம்பரம் ஆணைப் பார்த்துப் பேசி அவன் மனைவியை மறந்தது. நாமோ மனைவியைப் பார்த்துக்கொண்டே அவள் கணவனிடம் சொல்லவேண்டியதைச் சொன்னோம்.

அப்படியொரு ஞாயிறன்று மாலை, பங்கு இல்லத்துக்கு ஒரு பெண் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.) அவருக்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம், மடியில் கைக்குழந்தை. நின்றபடியே சொன்னார்: "ஆறாவது கட்டளைய நான் மீறல சாமி."

அவர் கணவர் பெங்களூரில் கட்டட வேலை. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமிருந்து அவ்வேலைக்குச் செல்வோர் ஆயிரக்கணக்கினர். இருமாதத்துக்கு ஒருமுறை ஊர் வருவார். இவர் கருவுற்றிருந்தபோது அரசு மருத்துவமனையில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுபோல் குருதிச் சோதனை செய்தனர். தொற்று இருப்பது தெரிந்தது. கணவரை அழைத்துவரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. வீட்டில் முதலில் தெரிந்தது யாருடைய தொற்றோ, அவரே அதைக் கொண்டுவந்தவர் என்பது மாமியாரின் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. அடுத்த ஆண்டு கணவர் இறந்தார். "மருமகள் வந்த நேரம்" என்றே ஊர் பேசிற்று.

நாட்டின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் வரலாற்றை இப்பெண்ணின் பக்கமிருந்து படித்தால் ஒன்று தெளிவாகும். தொடக்கமுதலே சோதனைக் குழாயில் முதலில் விழுந்தது பெண்ணின் குருதியே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா, பாலியல் தொழிலில் சிக்கிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அச்சோதனைக்கு வசதியில்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரயிலேறி, நம் மறைமாவட்டத் தலைநகராம் வேலூருக்கு, கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுவந்தார். ஆறு மாதிரிகளில் தொற்று கண்டறியப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உலகுக்குத் தெரிந்தது அவ்வாறே. அவ்விரு மருத்துவர்களின் துணிவை எவ்வளவு போற்றினும் தகும். 'இந்தியாவில் இந்நோய்க்கு இடமில்லை' என அறிந்தோரே பேசிய காலம் அது. ஆயினும் அப்பெண்களிடம் சென்று திரும்பிய ஆடவர் எவருடைய குருதியும் அந்தப் பெட்டியில் இல்லை. செய்தி வெளியானபோது நாடு அப்பெண்களைப் பார்த்தே முகஞ்சுளித்தது.

யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை இழுத்து வருகின்றனர். மோசேயின் சட்டமோ இருவரையும் குற்றவாளிகளாகவே கருதுகிறது. அந்த ஆண் எங்கே என்று நாம் குருமடத்தில் விவிலியப் பேராசிரியரிடம் கேட்டதுண்டு. அவர் சிரித்து, "அவன் கல்லோடு நின்ற கூட்டத்தில் இருந்திருப்பான்" என்றார். அன்று அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டோம்.

அரசின் பணி அதன்பின் விரிந்த விதம் மெச்சத்தக்கது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பட்டது. 1994இல் தமிழ்நாடு, நாட்டிலேயே முதன்முதலாக, இதற்கென மாநிலச் சங்கமொன்றைப் பதிவுசெய்தது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்றவர் தொட அஞ்சிய காலத்தில் நம் மாவட்டத்திலிருந்தும் 150 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து அங்கே சென்றனர். பலர் இறக்கவே சென்றனர். 2001இல் சிப்லா என்னும் இந்திய நிறுவனம், மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்து உலகை வியக்க வைத்தது. அம்மருந்தை நம் அரசு தன் குடிமக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்றுதான். முதலில் சில மையங்கள் மட்டுமே. தாம்பரம் அவற்றுள் ஒன்று. உடலின் எதிர்ப்பணுக்கள் (சி.டி.4) 200க்குக் கீழ் இறங்கிய பின்னரே மாத்திரை கிடைக்கும். படிப்படியாக அவ்வரம்பு உயர்ந்து, 2017இல் சோதனையில் தொற்று தெரிந்த எவர்க்கும் உடனே சிகிச்சை என்றாயிற்று. மையங்கள் மாவட்டத் தலைநகர்களுக்கு வந்தன. திருவண்ணாமலைக்கும் வந்தது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதும்.

இதே காலத்தில் சட்டம் நடந்த தொலைவும் பெரிது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்னும் கத்தோலிக்க இளைஞர், குருதிக் கொடை அளித்ததன்வழித் தொற்று தெரியவந்ததற்காகக் கைது செய்யப்பட்டு, கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனையில் 64 நாள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாய் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் அவ்வாறு அடைக்கும் சட்டத்தையே உறுதிசெய்தது. அவர் 1992இல் இறந்தார். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் சட்டமோ, தொற்றுடையோரை வேலையிலோ மருத்துவத்திலோ கல்வியிலோ வேறுபடுத்துவதைத் தடைசெய்கிறது. ஒருவரது இசைவின்றி அவரது தொற்றை வெளியிடுவதையும் தடுக்கிறது.

அரசு வெளியிட்ட 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் தொற்றோடு வாழ்வோர் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் பெண்கள். 2010ஆம் ஆண்டோடு ஒப்பிட, எய்ட்ஸ் சார்ந்த இறப்புகள் ஏறத்தாழ 79 விழுக்காடு குறைந்துள்ளன. புதிய தொற்றுகளோ ஏறத்தாழ 44 விழுக்காடே குறைந்துள்ளன. இவ்விரு எண்களுக்கிடையே உள்ள இடைவெளியில்தான் நம் கட்டுரையின் பொருள் அடங்கியுள்ளது. இறப்பைத் தடுத்தது மாத்திரை. தொற்றைத் தடுக்க மாத்திரையோடு பேச்சும் வேண்டும். கணவன் மனைவியிடமும், தாய் மகனிடமும், குரு தம் மக்களிடமும் பேசவேண்டும். மருந்துக் கிடங்கு தன் பங்கைப் பெரிதும் செய்துவிட்டது; சொற்கிடங்குதான் இன்னும் 2003இலேயே நிற்கிறது. சரியாகச் சொன்னால் 2003க்கும் முன்பு, மண்டையோட்டருகே நிற்கிறது. 'எய்ட்ஸ் வந்தவள்' என்றே இன்றும் நம் அன்பியக் கூட்டங்களில் காதுபடப் பேசுகிறோம். ஒழுங்காக மருந்துண்பவருக்கு எய்ட்ஸ் என்னும் நிலையே வாராதிருக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திரைப்படமும் இதில் அதிகம் உதவவில்லை. 2007இல் வந்த 'மிருகம்' மனைவியைக் கதையின் நடுவில் நிறுத்தியது. அவ்வளவில் அது விளம்பரத்தைவிட ஒருபடி மேல். பத்மப்பிரியாவின் நடிப்பு நெஞ்சில் நிற்கிறது. ஆயினும் கொடியவனுக்குக் கடைசியில் வந்து சேரும் தண்டனையாகவே நோய் அங்கும் அமைந்தது. பாவம் செய்தது யார், இவனா இவன் பெற்றோரா என்று பிறவிப் பார்வையற்றவரைக் காட்டிச் சீடர் கேட்ட அதே கேள்வியின் நிழல்தான் அது. இயேசு அக்கேள்வியைத் தள்ளிவிட்டுச் சேறு குழைக்கக் குனிந்தார். இருபது நூற்றாண்டுகள் ஆகியும் கேள்வி நம்மை விட்டபாடில்லை.

ஒரே ஒரு சொல் நம்மை வியக்க வைத்ததுண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குருதிச் சோதனையும் அறிவுரையும் வழங்கும் அறைக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அதனை யார் சூட்டினரோ அறியோம், வாழ்க அவர். நம் பாட்டிமார் படித்த பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பன மூன்று தேவசம்பந்தமான புண்ணியங்கள். புதிய மொழிபெயர்ப்பில் விசுவாசம் 'நம்பிக்கை' ஆயிற்று; பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆயிற்று. மொழிபெயர்த்தோர்க்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் முதியோர் இன்றும் நம்பிக்கை என்றால் நாளையைத்தான் நினைக்கின்றனர். 'உயிர்க்கொல்லி' என்று சுவரில் எழுதிய அதே அரசு, உள்ளே ஒரு கதவின்மேல் இச்சொல்லை எழுதிற்று. நம் ஆலய வாசல்களில் இதற்கு இணையான சொல்லொன்றை நாம் எழுதினோமா?

முற்றிலும் இல்லை என்பது நேர்மையாகாது. நம் அருட்சகோதரிகள் பலர் பெயர் சொல்லாமல் இந்நோயாளிகளைக் கழுவித் துடைத்தனர். 2005இல் இந்திய ஆயர் பேரவை, பரிவையும் பராமரிப்பையும் முன்வைத்து எச்.ஐ.வி./எய்ட்ஸ் குறித்துத் தன் கொள்கையை வெளியிட்டது. அதனை நாம் முழுதாகப் படித்தது பல ஆண்டுகள் கழித்தே. நம்மோடு குருக்கள் கூட்டத்தில் அமர்ந்தோர் பலரும் இதையே சொல்வர் என எண்ணுகிறோம்.

ஆணுறை பற்றிய வினாவைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை எழுதினால் வாசகர் நம்மைக் கோழை என்பர். திருச்சபையின் போதனையை நாம் அறிவோம். அதை மாற்றியெழுத வரவில்லை. 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நேர்காணல் நூலொன்றில் இது குறித்துக் கூறியதும், அதன்பின் எழுந்த வாதங்களும் படித்தோர்க்குத் தெரியும். நாம் வருந்துவது வேறு. இருபதாண்டுகளாக இவ்வொரு பொருளையே வாதிட்டதில், அரசு அலுவலரும் நாமும் எதிரெதிரே நின்று ஒரே சத்தத்தில் பேசியதில், வேறொன்றும் காதில் விழாமற்போயிற்று. நாள் தவறாமல் மருந்துண்டு, குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின்வழித் தொற்று பரவுவதில்லை என்பதை மருத்துவம் இன்று உறுதியாகச் சொல்கிறது. தம்பதியரில் ஒருவர்க்கு மட்டும் தொற்றுள்ள வீட்டில் பழைய வாதம் நின்ற தரையே இதனால் பெரிதும் மாறிவிட்டது. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதும் அவ்வாறே: தலையீடு ஏதுமின்றேல் நூற்றுக்கு 15 முதல் 45 வரை பரவக்கூடியது, உரிய மருந்தால் 5க்கும் கீழே இறங்கும். நம் திருமணத் தயாரிப்பு வகுப்பில் இவற்றைச் சொல்ல எந்தப் போதனை தடுக்கிறது? எதுவும் தடுக்கவில்லை. சொல்லக் கூசினோம், அவ்வளவே.

அப்பெண்ணின் குழந்தைக்கு அக்காலத்தில் பிறப்பின்போது தாய்க்கும் சேய்க்கும் ஒருவேளை மருந்து தந்தனர். தொற்று இல்லை என்று உறுதியாக 18 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலம் முழுதும் அவர் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்ததை நாம் அறிவோம். தொற்று இல்லை. அம்மகள் இன்று கல்லூரியில் படிக்கிறாள். தாய் வேலூர் அரசு மருத்துவமனையில் மாத்திரை பெறத் தொடங்கினார். அன்று அதுவே அவருக்கு அணுக்கமான மையம். இப்போது திருவண்ணாமலையிலேயே கிடைக்கிறது. நம் ஊருக்கு 2013இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமுமில்லை. எனினும் அவர் காசு கொடுத்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போய், அரைநாட் கூலியை இழந்து வேலூருக்கே செல்கிறார்.

ஏன் என்று கேட்டோம். மருத்துவமனை வாயிலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் கணவரின் சித்தப்பா மகன். "பொண்ணுக்கு வரன் பாக்கணும் சாமி" என்றார். பௌர்ணமியன்று இலட்சம் பேர் வந்து போகும் ஊரில் எவரும் எவரையும் அறியார். மற்ற நாட்களில் அனைவரும் அனைவரையும் அறிவர். வேலூர்ப் பேருந்தில் எதிர்த்திசையிலும் இதேபோல் சிலர் இங்கு வருவார்கள் என்று அவரே சொன்னார். ஒவ்வோர் ஊரார்க்கும் அடுத்த ஊர் மருந்து.

சேவையை விரிவாக்குவோர் இதனைத் தம் கணக்கேட்டில் காண இயலாது. அவ்வேட்டில் அவர் தவறாது மருந்து வாங்கும் நல்ல நோயாளி. இருபதாண்டாக அவர் செலுத்திவரும் பேருந்துக் கட்டணத்தை நாம் வேறொரு கணக்கில் எழுதவேண்டும். அந்தக் கடனில் பாதி சுவரெழுத்தினுடையது. மறுபாதி நம் மறையுரைக் குறிப்பேட்டினுடையது.

இவ்வாண்டுத் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று நற்செய்திக்குப்பின் இதனையே பேசுவதென முடிவுசெய்துள்ளோம். ஆறாம் கட்டளையை விட்டுவிடப் போவதில்லை. இம்முறை அதனை யாருக்குச் சொல்கிறோம் என்பதைச் சொல்லியே தொடங்குவோம். கட்டுரையை எழுதுமுன் அப்பெண்ணிடம் இசைவு கேட்டபோது இதனையும் தெரிவித்தோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "ஆம்பளைங்க வெளியிலதானே நிப்பாங்க, சாமி?" என்றார்.

வாசலுக்கு வெளியே, அந்த மரத்தடிக்கும் ஓர் ஒலிபெருக்கி கட்டச் சொல்லியிருக்கிறோம்.